தாடி என்றால் பனை, போடி என்றால் மொட்டை: தெலுங்குச் சாமெதகளோடு பழகும் வழி

தெலுங்கில் பழமொழிக்குச் சாமெத என்று பெயர். ‘சாமெத லேனி மாட்ட, ஆமெத லேனி இல்லு’ என்பார்கள். ஆமெத என்றால் விருந்து. பழமொழி கலக்காத பேச்சு, விருந்தே நடக்காத வீடு மாதிரி என்று பொருள். ஹைதராபாத்துக்கோ விஜயவாடாவுக்கோ வேலைக்குப் போன தமிழர் காதிலும், சித்தூர், திருப்பதிப் பக்கம் சம்பந்தம் செய்துகொண்டவர் காதிலும், ஓசூரில் தெலுங்கு பேசும் அண்டை வீட்டாரோடு பழகுபவர் காதிலும் இவை அன்றாடம் விழும்.

பேச்சுத் தெலுங்கு ஓரளவு பிடிபட்டு, ‘பாதிக்கு மேல் நம் தமிழ்தானே’ என்று தைரியம் வரும்போதுதான் சாமெத காலை வாரும். காரணம், பாதி உண்மையிலேயே நம்முடையதுதான். ‘நிண்டு குண்ட தொணகது’ என்றால் நிறைகுடம் தளும்பாது. ‘தானு பட்டின குந்தேலுகு மூடே காள்ளு’ என்றால் நாம் பிடித்த அதே மூன்று கால் முயல். ‘இல்லு கட்டி சூடு, பெள்ளி சேசி சூடு’ என்பதற்கு விளக்கமே வேண்டாம். இப்படிப் பத்து சாமெத கைவந்ததும் பதினோராவதையும் அதே கணக்கில் புரிந்துகொள்வோம். அங்கே வழுக்கும்.

முதல் வழுக்கல் சொல்லில். ‘மொக்கை வங்கனிதி மானை வங்குனா?’ என்று ஒரு பெரியவர் கேட்டால், மொக்கை வாங்கிய மான் ஏதோ தமிழ்க் காதுக்குள் ஓடும். மொக்க என்றால் செடி, கன்று. மானு என்றால் மரம். கன்றாக இருக்கும்போது வளையாதது மரமான பிறகா வளையும் என்பதுதான் கேள்வி. நம் ‘ஐந்தில் வளையாதது’தான் இது. ‘தாடினி தன்னேவாடு உண்ட்டே, வாடி தல தன்னேவாடு உண்ட்டாடு’ என்பதில் வரும் தாடி முகத்தில் வளர்வதல்ல, பனை. பனையை உதைக்கிறவன் ஒருவன் இருந்தால், அவன் தலையை உதைக்கிறவனும் ஒருவன் இருப்பான். ‘காகி பில்ல காகிகி முத்து’ என்பதில் முத்தும் இல்லை, பொன்னும் இல்லை. அந்தச் சொல்லின் நடுவில் வருவது ‘தாத்தா’வின் ஓசையல்ல, ‘இந்த’வின் ஓசை. செல்லம், பிரியம் என்று பொருள். காக்கைக்குத் தன் குஞ்சு செல்லம், அவ்வளவுதான்.

‘இல்லு அலககானே பண்டுக காது’ என்பதில் உள்ள காது நம் காதல்ல; ‘அல்ல’ என்பதற்கான சொல். வீட்டைச் சாணியால் மெழுகிய உடனே பண்டிகை வந்துவிடாது. சங்கராந்தியை நினைத்துக்கொண்டால் இது பளிச்சென்று புரியும். மெழுகிய பிறகு முக்கு (கோலம்) போட வேண்டும், சாணி உருண்டையில் கொப்பெம்மலு வைத்துப் பூச் செருக வேண்டும், அரிசெலு (நம் அதிரசம்) சுட வேண்டும். மெழுகுவது எல்லாவற்றுக்கும் முதல் வேலை மட்டுமே. அடிக்கல் நாட்டியதற்கே மாலை போட்டுக்கொள்கிறவருக்கும், மென்பொருளின் முதல் திரை திறந்ததற்கே கேக் வெட்டுகிற குழுவுக்கும் இது அளவெடுத்துத் தைத்த சட்டை.

தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்பவர்களுக்கு இன்னொரு கண்ணி உண்டு. தெலுங்கில் க-வுக்கும் அதன் அதிர்வொலிக்கும் தனித்தனி எழுத்து. கந்த என்று க-வை ‘கண்’ போல வல்லொலியாகச் சொன்னால் சேனைக்கிழங்கு. ‘கங்கை’ என்பதில் வரும் முதல் ஒலியோடு சொன்னால் சந்தனம். தமிழில் இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுத முடியும். கழுதைக்குக் கற்பூர வாசனை தெரியுமா என்று நாம் கேட்கும் இடத்தில் அவர்கள் சந்தன வாசனையைச் சொல்வார்கள். ஒலியைத் தவறவிட்டால் கழுதை சேனைக்கிழங்கை முகர்ந்துகொண்டிருக்கும். ஆகவே எழுதி வைப்பதை இரண்டாவதாக வைத்துக்கொண்டு, முதலில் கேட்டு, வாய்விட்டுத் திருப்பிச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

நினைவில் நிறுத்த நல்ல பிடி எதுகை. தெலுங்கில் பிராஸ என்பார்கள். நம்மைப் போலவே இரண்டாம் எழுத்து ஒன்றி வரும். அப்பு–பப்பு, உல்லி–தல்லி, நோரு–ஊரு என்று ஜோடியைப் பிடித்துக்கொண்டால் மீதி தானாக வரும். ‘நோரு மஞ்சிதைதே ஊரு மஞ்சிதவுதுந்தி’: வாய் நல்லதானால் ஊர் நல்லதாகும். ‘உல்லி சேசின மேலு தல்லி கூட சேயது’: வெங்காயம் செய்யும் நன்மையைத் தாயும் செய்யமாட்டாள். இந்த உல்லி தெலுங்கில் வெங்காயம், வெல்லுல்லி என்றால் பூண்டு. ஈழத்தில் உள்ளி என்றாலே பூண்டு என்பதால், அங்கிருந்து வந்தவர்களுக்கு மருந்து மாறிப் போகும்.

சொல் தெரிந்த பிறகும் பொருள் பிடிபடாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம், சாமெதவில் வரும் பண்டத்தைப் பார்த்திராததுதான். ‘கந்தகு லேனி துரத கத்திபீட்டகெந்துகு?’ என்பதை எடுத்துக்கொள்வோம். கத்திபீட்ட என்பது அரிவாள்மனை. துரத என்றால் நமைச்சல். கிழங்குக்கே இல்லாத நமைச்சல் அரிவாள்மனைக்கு எதற்கு? சேனையில் ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருக்கும். வெட்டுகிறவர் கையில் குத்தி நமைச்சல் எடுக்கும். அதனால்தான் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு நறுக்குகிறார்கள், புளித் தண்ணீரில் வேக வைக்கிறார்கள். கோதாவரி மாவட்டங்களில் கந்தபச்சலி கூர (சேனையும் பசலையும்) விருந்துச் சமையல் என்பதால் இந்தக் காட்சி அங்கே வீட்டுக்கு வீடு உண்டு. இதில் மூன்று பேர் இருக்கிறார்கள்: நமைச்சலைச் சுமந்தும் சும்மா இருக்கும் கிழங்கு, நமைச்சல்படும் கை, எந்தச் சம்பந்தமும் இல்லாமல் குதிக்கும் இரும்பு. சாமெத குறிவைப்பது மூன்றாமவரை. சம்பந்தப்பட்டவரே பேசாமல் இருக்கும்போது ஊர்க்காரருக்கு என்ன என்று கேட்கும் இடத்தில் சொல்வார்கள். தவறு எங்கே நேரும் என்றால், சம்பந்தப்பட்டவர் எதிரில் இருக்கும்போதே சொல்லிவிடுவது. அவருக்காகப் பரிந்து பேசுவதாக நாம் நினைப்போம். அவரைக் கிழங்கு என்று சொன்னதாக அவருக்குக் கேட்கும்.

‘தின்ன இண்ட்டி வாஸாலு லெக்கபெட்டினட்டு’ என்பதைச் சாப்பிட்ட வீட்டில் எத்தனை வாசல் என்று எண்ணுவதாகத் தமிழர்கள் மொழிபெயர்த்துவிடுகிறார்கள். வாஸம் என்பது கூரையைத் தாங்கும் கைமரம், மூங்கில் கழி. ஓலைக் கூரை வீட்டில் சாப்பிட்டுவிட்டு மல்லாந்து படுத்தால் கண்ணில் படுவது அதுதான். படுத்துக்கொண்டே எத்தனை கழி, எவ்வளவு சொத்து என்று கணக்குப் போடும் விருந்தாளியைத்தான் இது காட்டுகிறது. உண்ட வீட்டுக்கு இரண்டகம் நினைப்பது என்று நாம் சொல்வதைவிட இதில் நுணுக்கம் கூடுதல் என்பது என் அபிப்பிராயம். இங்கே இன்னும் துரோகம் நடக்கவில்லை. கண் மட்டும்தான் ஓடுகிறது.

‘அப்பு சேசி பப்பு கூடு’ என்பதிலும் அப்படித்தான். கூடு என்றால் சோறு. கடன் வாங்கிப் பருப்புச் சோறு சாப்பிடுவது. பருப்புச் சோற்றுக்கா கடன் என்று இன்றைக்குச் சிரிப்பு வரும். வறண்ட நிலத்தில் தினச்சாப்பாடு ராகி சங்கட்டியும் (களி) சோள அம்பலியுமாக (கூழ்) இருந்த காலத்தில், நெல்லுச் சோறும் பருப்பும் பண்டிகை நாளின் தட்டு. தவணையில் விலை உயர்ந்த கைபேசி வாங்குகிறவரிடம் இன்று சொல்கிறார்கள், பொருத்தம் குறையவில்லை.

உட்டி என்றால் உறி. ‘உட்டிகெகரலேனம்ம ஸ்வர்கானிகெகிரிந்தட’: உறிக்கே எம்ப முடியாத அம்மா சொர்க்கத்துக்கு எம்பினாளாம். கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வைகுண்டம் போன கதை. கடைசியில் ஒட்டியிருக்கும் ‘ட’வைக் கவனிக்க வேண்டும். அது நம் ‘ஆம்’. ‘நான் சொல்லவில்லை, சொல்கிறார்கள்’ என்று பேசுகிறவர் நழுவிக்கொள்ளும் கதவு அது. அதை விட்டுவிட்டுச் சொன்னால் குத்தல் நேராகப் போய்த் தைக்கும்.

சாமெதயின் வாலைப் பார்த்தே அதை வாக்கியத்தில் எப்படிக் கோப்பது என்று தெரிந்துகொள்ளலாம். ‘இனட்டு’ என்று முடிந்தால் அது நம் ‘போல’. பின்னால் ‘உந்தி’ சேர்த்தால் வாக்கியம் முடிந்தது. ‘சேதுலு காலாக ஆகுலு பட்டுகுன்னட்டுந்தி’ என்றால் கை சுட்டுக்கொண்ட பிறகு இலையைத் தேடிப் பிடித்த மாதிரி இருக்கிறது என்று பொருள். சூடான பானையை இறக்கப் பிடிதுணிக்குப் பதில் இலை. ‘எந்துகு’ என்றோ, பழைய நடையில் ‘நேல’ என்றோ முடிந்தால் அது கேள்வி. பதில் எதிர்பார்க்காத கேள்வி. ‘அடுசு தொக்கநேல, காலு கடகநேல?’ என்றால் சேற்றை எதற்கு மிதிக்க வேண்டும், காலை எதற்குக் கழுவ வேண்டும்? இந்த வகைக்குப் பின்னால் எதையும் ஒட்டாமல் அப்படியே நிறுத்திவிட வேண்டும். ஒட்டினால் பாடப் புத்தகம் வாசிப்பது போல இருக்கும்.

இன்னொரு வழக்கம், முழுதாகச் சொல்லாமல் விடுவது. தெரிந்தவர்களுக்குள் ‘கந்தகு லேனி துரத...’ என்று இழுத்து நிறுத்திக்கொள்வார்கள். மீதியைக் கேட்பவர் மனசுக்குள் முடித்துக்கொள்வார். புதிதாகக் கற்றவர் ஆர்வத்தில் மீதியை எடுத்துக் கொடுத்தால் நகைச்சுவைத் துணுக்குக்கு விளக்கவுரை எழுதியது போலாகிவிடும்.

ஆற்றங்கரைச் சாமெதகளுக்கு ஆற்றின் அகலம் தெரிய வேண்டும். ‘குக்க தோக பட்டி கோதாவரி ஈதினட்டு’ என்றால் நாய் வாலைப் பிடித்துக்கொண்டு கோதாவரியை நீந்துவது. ராஜமகேந்திரவரத்தில் 1900-இல் பயன்பாட்டுக்கு வந்த பழைய ஹேவ்லாக் ரயில் பாலம் இரண்டரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளம். அந்த அகலத்தை மனதில் வைத்துக்கொண்டு நாயின் வாலைப் பார்த்தால்தான் சாமெதயின் சிரிப்பு புரியும். நாயும் நீந்தும், பொய்யில்லை. ஆனால் இவ்வளவு தண்ணீருக்கு அந்த வால் போதாது. ஆதாரமே இல்லாதவனைப் பற்றியதல்ல இது, தகுதியில்லாத ஆதாரத்தைப் பிடித்தவனைப் பற்றியது. நம் மண்குதிரை தண்ணீரில் கரைந்துபோகும், நாய் கரையாது. அந்த வேறுபாட்டை விட்டுவிடக் கூடாது.

அதே கரையில் பிறந்தது, ‘ஏரு தாட்டேதாகா ஓட மல்லய்ய, ஏரு தாட்டாக போடி மல்லய்ய’. ஏரு என்றால் ஆறு. அக்கரை சேரும்வரை படகுக்காரர் ‘ஓடக்கார மல்லய்யா’. சேர்ந்த பிறகு ‘மொட்டை மல்லய்யா’. ஆறு கடக்கும்வரை அண்ணன் தம்பி, கடந்தபின் நீ யாரோ நான் யாரோ என்ற நம் பழமொழிக்கு நேர் ஜோடி. தமிழ்க் காதில் அந்தப் போடி விரட்டும் சொல்லாக விழும். அது வேறு, இது வேறு என்றாலும் ஓர் எச்சரிக்கை தேவை. தலை மழித்த விதவையை இழித்துச் சொல்லவும் தெலுங்கில் இதே சொல் புழங்கியது. முழுச் சாமெதயாகச் சொல்லும்போது சிக்கலில்லை. அந்தச் சொல்லை மட்டும் உருவி எடுத்து ஒரு பெண்ணைப் பற்றிய பேச்சில் வைத்துவிடக் கூடாது.

விவசாயச் சாமெதகள் தனி உலகம். அங்கே காலக்கணக்கு கார்த்தெயில் ஓடும். சூரியன் ஒரு நட்சத்திரத்தில் நிற்கும் காலம் ஒரு கார்த்தெ. ஆண்டுக்கு 27, ஒவ்வொன்றும் 13 அல்லது 14 நாள். நாம் நட்சத்திரம் என்றதும் பிறந்த நட்சத்திரத்தை நினைப்போம். தெலுங்கு விவசாயி மழையை நினைப்பார். இதனால் ஒரு வேடிக்கை உண்டு. ‘பரணியில் பிறந்தவர் தரணி ஆள்வார்’ என்பது நம் சொல். ‘பரணி குரிஸ்தே தரணி பண்டுனு’ என்பது அவர்கள் சொல். எதுகை ஒன்று, பேச்சு வேறு. ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் பத்துத் தேதி வரையிலான பரணி கார்த்தெயில் மழை பெய்தால் நிலம் விளையும் என்பது இதன் பொருள். கோடை மழை கிடைத்தால் நிலத்தை உழுது போடலாம், ஈரம் உள்ளே இறங்கும், களை வேர் வெயிலில் காயும். ஜூனில் விதைப்புக்கு நிலம் தயாராக இருக்கும். பரணியில் பிறந்த குழந்தையின் வீட்டில் போய் இந்தச் சாமெதயைச் சொன்னால் யாருக்கும் ஒன்றும் புரியாது.

‘ரோஹிணி கார்த்தெ எண்டலகு ரோள்ளு பகுலுதாயி’: ரோகிணி வெயிலுக்கு உரல் வெடிக்கும். மே 25 வாக்கில் தொடங்கி ஜூன் முதல் வாரம் வரை ரோகிணி. நம் அக்னி நட்சத்திரம் மே 28 வாக்கில் முடிந்துவிடும். கத்திரி முடிந்தது என்று தமிழ்நாட்டில் மூச்சு விடும் நாளில், தெலுங்கு நாட்டில் உரல் வெடிக்கும் வெயில் நடந்துகொண்டிருக்கும். அந்த வாரங்களில் கரீம்நகர், ராமகுண்டம் பக்கம் பயணம் வைத்திருப்பவர்கள் இதைப் பழமொழியாக இல்லாமல் வானிலை அறிக்கையாகவே எடுத்துக்கொள்ளலாம். அடுத்து ஜூன் 8 வாக்கில் மிருகசிர கார்த்தெ பிறக்கும். அன்று தெலங்கானாவில் மீன் கடைகளில் கூட்டம் அலைமோதும்.

யாரிடம் எதைச் சொல்வது என்பதில்தான் அதிகம் தடுக்கும். தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் சாமெதகள் எங்கும் செல்லும். ‘அடகனிதே அம்மயினா பெட்டது கதண்டீ’ என்றால், கேட்காவிட்டால் அம்மாகூடப் பரிமாறமாட்டாள் அல்லவா, என்று பொருள். விடுப்புக் கேட்கும்போதும், வாடகையைக் குறைக்கச் சொல்லும்போதும், கல்யாணப் பந்தியில் இன்னொரு பூர்ணம் கேட்கும்போதும் சொல்லலாம். அந்தக் கடைசி ‘அண்டீ’ முக்கியம். அது இல்லாவிட்டால் வயதில் மூத்தவரிடம் வெட்டென்று இருக்கும். நல்ல செய்தி கேட்டால் ‘ரொட்டெ விரிகி நேதிலோ படினட்டு’: ரொட்டி உடைந்து நெய்யில் விழுந்தது போல. நம் பழமும் பாலும் அங்கே ரொட்டியும் நெய்யும். இதிலும் ஆபத்தில்லை.

சூழ்நிலையைப் பற்றியவை அடுத்த படி. ‘சாப கிந்த நீருலா’ என்றால் பாய்க்கு அடியில் பரவும் தண்ணீர் போல. தொற்றுநோய்க்கும், சத்தமில்லாமல் வளரும் கட்சிக்கும் செய்தித்தாள்களில் இதைப் போடுவார்கள். மேலே ஈரம் தெரியாது; பாயைத் தூக்கினால்தான் தெரியும். பாராட்டாக எண்ணி ஒருவரது வளர்ச்சியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டாம், சூது இருக்கிறது என்று அர்த்தமாகிவிடும். ‘வாபுனு சூசி பலுபு அனுகுன்னட்டு’ என்பது வீக்கத்தைப் பார்த்துக் கொழுப்பு என்று நினைத்தது. வியாபாரக் கணக்குக்கு இதைவிட நல்ல சாமெத கிடையாது. கடனுக்குக் கொடுத்த சரக்கையெல்லாம் விற்பனையில் சேர்த்துக் காட்டும் கணக்குக்குச் சரியாகப் பொருந்தும். ஆனால் இன்றைய பேச்சில் பலுபு என்றால் திமிர் என்றும் பொருள். கடைக்காரர் முகத்துக்கு நேரே வேண்டாம்.

உறவுச் சாமெதகளில் நிதானம் தேவை. ‘அத்த ஸொம்மு அல்லுடு தானம்’ என்றால் மாமியார் சொத்தில் மருமகன் தர்மம். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பதற்குச் சமம். நம்முடையதில் கடைக்காரர் யாரோ ஒருவர், இதில் மாமியார். மாமியார் வீட்டு ஹாலில் உட்கார்ந்துகொண்டு மருமகன் வாயால் வரக் கூடாத சாமெத இதுதான்.

‘பதகலேக படிபந்துலு’ (பிழைக்க வழியில்லாமல் பள்ளி வாத்தியார்) நம் ‘வக்கத்தவனுக்கு வாத்தியார் வேலை’க்குச் சகோதரம். ஆசிரியர்கள் தங்களைத் தாங்களே கேலி செய்துகொள்ளச் சொல்வார்கள். வெளியாள் சொன்னால் ரசிக்கமாட்டார்கள். சாதியையும் ஊனத்தையும் வைத்துக் கட்டிய சாமெதகளும் ஏராளம். கேட்டால் புரிந்துகொள்ள மட்டும் அவை போதும்.

புத்தகத்திலிருந்து கற்பவர்களுக்கு ஒரு சொல். 1868-இலேயே எம். டபிள்யூ. கார் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி தெலுங்குச் சாமெதகளைத் திரட்டிச் சென்னையில் அச்சிட்டார். அப்படிப்பட்ட பழைய தொகுப்புகள் அகரவரிசையில் போகும். பொருள் இருக்கும், யார் யாரிடம் சொன்னது என்பது இருக்காது. அதிலிருந்து எடுத்ததை உடனே வாயில் போடாமல் வயதான ஒருவரிடம் காட்டிக் கேட்பது நல்லது. அப்போது ‘இதற்கு என்ன அர்த்தம்’ என்று கேட்டால், உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த அகராதிப் பொருள்தான் திரும்பி வரும். ‘ஈ மாட்ட எப்புடண்ட்டாரு?’, அதாவது இதை எப்போது சொல்வார்கள், என்று கேட்க வேண்டும். ‘கோருசுட்டு மீத ரோகட்டி போட்டு’ என்பதை அப்படிக் கேட்டுப் பாருங்கள். நகச்சுற்று வந்த விரலில் உலக்கை இடித்தது என்ற பொருளோடு நிறுத்தமாட்டார்கள். பயிர் காய்ந்த வருஷம் மோட்டாரும் எரிந்துபோனால் சொல்வோம், வேலை போன மாதம் வாடகை ஏறினால் சொல்வோம், செத்த வீட்டில் மட்டும் சொல்லமாட்டோம் என்று வரிசையாக வரும்.